குப்பனைத் தூக்கிய ஃபோர்க்லிஃப்ட்

குப்பனுக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. ஆகவே 1976 ஐப்பசியில் அவன் பிறந்ததும், செங்கம்மாள் அவனைப் பழவேற்காட்டில் மீன் செதிலும் அடுப்புச் சாம்பலும் கொட்டுகிற குப்பைமேட்டில் கிடத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பேசிவைத்திருந்தபடி, கருவாட்டு வியாபாரி வீட்டுப் பீவி ஜான் அந்த வழியாக வந்தார். "யாரோ வேணாம்னு போட்டுட்டுப் போன புள்ள" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லித் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் செங்கம்மாள் ஒரு முறம் தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கி வந்து, குப்பன் என்று பெயர் வைத்தாள். குப்பையில் கிடந்து தவிட்டுக்கு விலைபோன ஒன்றை எமன் சீந்தமாட்டான் என்பது ஏற்பாடு. ஏற்பாடு பலித்தது. முப்பத்தொரு வயதில் குப்பன் எழுபத்தெட்டு கிலோ இருந்தான்.

அந்த வயதில்தான், 2007இல், அவனுக்குப் பெயர் மாறியது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காருக்குப் பம்பர் செய்யும் ஒரு கொரியக் கம்பெனியில் அவன் ஒப்பந்தத் தொழிலாளி. நிரந்தரமாக்குவதற்கு ஆள் எடுத்தபோது அவன் பெயரும் வந்தது. மேலாளர் ஹானுக்கு ஒரு வழக்கம் உண்டு. நிரந்தரமாகிற ஒவ்வொருவரிடமும் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்பார். அவர்கள் ஊரில் எழுத்துக்கு எழுத்து பொருள் பார்த்துத்தான் பெயர் வைப்பார்களாம். மொழிபெயர்க்கிறவர், கொரிய மொழி படித்த பணியாளர் அதிகாரி ஆதிகேசவன்.

குப்பன் முறை வந்தது. ஆதிகேசவன் சற்றுத் தயங்கிவிட்டு, குப்பை என்று மொழிபெயர்த்தார். ஹான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். சன்னலுக்கு வெளியே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

ஆதிகேசவனுக்கு வியர்த்துவிட்டது.

"மனுஷனுக்குக் குப்பைன்னு பேர் வெச்சு வேலை வாங்கறோம்னு நெனச்சுட்டாருய்யா. கொரியாவுக்கு எழுதிப் போட்டாருன்னா எனக்குத்தான் ஆப்பு" என்று சொல்லிக்கொண்டே மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். குழந்தைகளுக்குச் சூட்டும் பெயர்கள் அடங்கிய புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. ஆபீசில் இது எதற்கு என்று குப்பனுக்குத் தோன்றியது, கேட்கவில்லை.

"இந்தா, அருண்பாண்டியன். இன்னிலேர்ந்து நீ அருண்பாண்டியன். மாட்டேன்னா பெர்மனன்ட் ஆர்டர் கிடையாது."

புது அடையாள அட்டையைப் பார்த்த செங்கம்மாள் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாடா, ராஜா பேரு வெச்சுக்கினு வந்துகீற? எமன் கண்ணு மொதல்ல எங்க போவும்?"

"கம்பெனிலதாம்மா அந்தப் பேரு. ஊட்ல குப்பன்தான்."

"ஏன், எமனுக்குக் கம்பெனிக்குள்ள வர்றதுக்கு கேட் பாஸ் வேணுமா?"

குப்பன் சிரித்தான். அந்த வாரமே அடுக்கிவைத்த பம்பர்கள் சரிந்து அவன் செருப்பை நசுக்கின. நல்லவேளை, அப்போது அவன் ஷூவில் இருந்தான். அடுத்த வாரம் பொன்னேரி ஸ்டேஷனில் நாய் கடித்தது. பிறகு காய்ச்சல். 'அருண்பாண்டியன் என்கிற குப்பன்' என்று அட்டையில் போட்டுத் தரச் சொல்லட்டுமா என்று அவனே அம்மாவிடம் கேட்டான்.

"எமன் மேல இருக்கறதத்தான் மொதல்ல படிப்பான்" என்றாள் செங்கம்மாள்.

குப்பன் சிரிப்பதை விட்டுவிட்டான். தண்டவாளத்தைத் தாண்டும்போது அட்டையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டான்.

ஒரே வழிதான் இருந்தது. பெயர் கம்பெனியில் போனதால், கம்பெனிக் குப்பையிலேயே மறுபடியும் போட்டு எடுக்கவேண்டும். எடுக்கிறதும் பழைய ஆளாகத்தான் இருக்கவேண்டும். குடும்பத்தாரை உள்ளே விடுகிற ஆயுதபூஜை நாளில் செங்கம்மாள் பீவி ஜானை அழைத்துக்கொண்டு வந்தாள். கழிவுக் கிடங்கு வாசலில் காவலாளி, ஹெல்மெட் இல்லாமல் உள்ளே விடமுடியாது என்றார். செங்கம்மாள் ஒன்றை வாங்கி மாட்டினாள், பீவி ஜான் முக்காட்டுக்கு மேலேயே ஒன்றை மாட்டிக்கொண்டார்.

உடைந்த பம்பர் குவியலின்மேல், கிடந்த ஒரு மரப்பலகையில் குப்பன் மல்லாந்து படுத்தான்.

பீவி ஜான் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஏண்டி செங்கம்மா, நீ குடுக்கறப்ப இவன் ஒரு கோழி கனம் இருந்தான். இப்ப இத எப்டி நான் தூக்கறது? என் முட்டி எனக்கே எழுந்துக்க மாட்டேங்குது."

"ஒரு விரக்கடை தூக்குக்கா. போதும்."

தூக்கிப் பார்த்தார். ஒரு கால்தான் வந்தது.

பக்கத்தில் ஃபோர்க்லிஃப்ட் நின்றது. வாழைக்கன்று, சந்தனம், சாமந்தி மாலையோடு தேர்போல இருந்தது. அதன் ஓட்டுநர் தானியேல் யோசித்துவிட்டுச் சொன்னான்: "பீவிம்மா, நீங்க லிவரைப் புடிங்க. நான் உங்க கையைப் புடிச்சிக்கறேன். தூக்கறது நீங்கதான, நானா?"

யாருக்கும் மறுப்பில்லை. பீவி ஜான் ஏறி உட்கார்ந்தார். ஃபோர்க்லிஃப்ட்டின் இரும்புக் கரங்கள் பலகைக்கு அடியில் போயின.

"யாரோ வேணாம்னு போட்டுட்டுப் போன புள்ள" என்று அவர் உரக்கச் சொல்ல, தகரக் கூரை அதைத் திருப்பிச் சொன்னது. குப்பன் கண்ணை மூடிக்கொண்டு ஆள் உயரத்துக்கு எழும்பினான்.

அந்த நேரம் பார்த்து, பொரி கடலைப் பொட்டலத்தோடு ஹான் வந்தார். பின்னால் ஆதிகேசவன்.

ஹான் கத்தினார். பலகையில் இருக்கிற ஆளுக்கு ஹெல்மெட் எங்கே என்று கேட்கிறார் என்றார் ஆதிகேசவன். செங்கம்மாள் ஓடிப்போய்த் தன்னுடையதை மகனிடம் எட்டிக் கொடுத்தாள். பிறகு, குப்பைமேட்டில் தொடங்கி நடந்ததையெல்லாம் பீவி ஜான் லிவரை விடாமல் சொல்லி முடித்தார். ஆதிகேசவனுக்கு மொழிபெயர்ப்பதைத் தவிர வழியில்லை.

ஹான் நிமிர்ந்து பலகையிலிருந்த குப்பனையே பார்த்தார். அன்றைக்குச் சன்னலுக்கு வெளியே பார்த்தாரே, அதே மாதிரி. பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

"அவங்க அப்பாவுக்கு முன்னாடி பொறந்த ரெண்டும் தங்கலையாம். அதனால அவரை வீட்ல... நாயோட... கழிவுன்னு..." ஆதிகேசவன் திணறினார்.

"பீன்னு சொல்லு நைனா" என்றார் பீவி ஜான். "இங்க இருக்கறதெல்லாம் புள்ள பெத்தவங்கதான்."

"நாய்ப்பீன்னுதான் கூப்பிட்டாங்களாம். எண்பத்தோரு வயசு வரைக்கும் இருந்தாராம். அன்னிக்குக் குப்பன் பேரைக் கேட்டதும் அப்பா ஞாபகம் வந்துடுச்சாம்."

"இப்ப எறக்கலாமா?" என்று மேலிருந்து குப்பன் கேட்டான்.

இறக்கினார்கள். செங்கம்மாள் மடியிலிருந்த தவிட்டைக் கொடுத்து மகனை வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமை நிரந்தர ஆணை வந்தது, குப்பன் என்ற பெயருக்கே.

ஆனால் ஆயுதபூஜையன்று மாலை இன்னொன்றும் நடந்தது. பஸ்ஸுக்கு நின்ற பீவி ஜானிடம் ஆதிகேசவன் தனியாக வந்தார். குப்பன் சற்றுத் தள்ளி நின்றான்.

"அம்மா, வீட்ல மாசமா இருக்காங்க. முன்னாடி ரெண்டு... தங்கல. பேரெல்லாம் பார்த்து வெச்சிருந்தோம்."

குப்பனுக்குப் பென்சில் கோடுகள் ஞாபகம் வந்தன.

"எப்ப?"

"தை மாசம். ஞாயித்துக்கெழமையா பார்த்து ஃபோர்க்லிஃப்ட்டுக்கு அனுமதி வாங்கிடறேம்மா."

பீவி ஜான் முட்டியைத் தடவிக்கொண்டார். "அது எதுக்கு நைனா. பச்சப் புள்ளைக்கு என் கையே போதும்."