ஒரே ஒரு விமானத்துக்குப் போட்ட தையல்

வள்ளத்துக்குப் பாய் தைக்கிற தொழிலில் தையல் விட்டால் தைத்தவன் கரையில் இருப்பான், நம்பி ஏறியவன் நடுக்கடலில் இருப்பான். ஊசி பிடித்துப் பிழைக்கிற உங்களுக்கு இந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை.

தாழம்புதர்

ஒருநாள் காலை குளச்சல் கடற்கரை மணலில் ஒரு விமானம் இறங்கியது. பத்துப் பேர் ஏறும் பயணிகள் விமானமாம். முதலில் ஒன்றே ஒன்று செய்து, வாங்க ஆள் தேடி ஊர் ஊராகக் காட்டப் புறப்பட்டிருந்தார் வெள்ளைக்கார விமானி. எஞ்சின் மக்கர் பண்ணி இறக்கியதில் இறக்கைத் துணி தாழம்புதரில் கிழிந்துவிட்டது. துறைமுகக் குமஸ்தா பிள்ளை என்னைத் தேடி வந்தார். "நான் வள்ளத்துப் பாய்தானே தைப்பேன்" என்றேன்.

"ரெண்டும் காத்துல நிக்கிய துணிதானடே, வா!"

வயிறு

காற்றுப் பிடிக்க நாங்கள் பாய்க்கு நடுவில் தொய்வாக வயிறு விட்டுத் தைப்போம். கைப்பழக்கத்தில் இறக்கைக்கும் விட்டுவிட்டேன். விமானி விரலால் அமுக்கிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. முழுவதையும் பிரித்து இழுத்துத் தைத்தேன். அவர் ஏதோ மருந்தைப் பூச, துணி காய்ந்து தம்பட்டம் போல விறைத்தது. விறைத்த துணி பட்டென்று கிழியும் என்பதுதான் நான் கற்ற பாடம். என்னிடம் பத்து வருஷமாகப் பாய் தைக்கும் வள்ளக்காரர் லாசர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"லேய், எனக்க பாயை இப்பிடித் தச்சிருந்தா ஒன்னைக் கடல்ல தள்ளியிருப்பேன்."

தைத்தவன் ஏறணும்

தைத்தவன் கூட ஏறாமல் பறக்க மாட்டேன் என்றார் விமானி. இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கெஞ்சினேன், நடக்கவில்லை. என் மனைவி திரேசா அழுதுகொண்டே செபமாலையைக் கழுத்தில் போட்டாள். சட்டைப்பையில் ஊசியும் நூலும் வைத்தாள்.

"தையல் வல்லதும் விட்டுதுன்னா அங்கனயே தச்சுப்போடும்."

நூல்முனை

விமானிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடலையும் பார்க்கவில்லை, ஊரையும் பார்க்கவில்லை. இறக்கையில் ஒரு நூல்முனை துடித்துக்கொண்டிருந்தது. அவிழ்கிறதா, வெட்ட மறந்த மிச்சமா? ஒரு சுற்றுப் பறந்து அதே மணலில் இறங்கியதும் ஓடிப்போய்த் தொட்டேன். மிச்ச நூல்தான். விமானி வியர்வையைத் துடைத்துக்கொண்டு எதையோ சொல்ல, பிள்ளை தமிழில் சொன்னார்.

"நீ தையலைப் பாத்துக்கிட்டிருந்த. அவரு ஒனக்க மொவத்தப் பாத்தாக்கும் ஓட்டினாராம்."

ஒன்றோடு சரி

சில மாதம் கழித்துப் பத்திரிகையில் செய்தி: அந்த விமானம் மாதிரி இன்னொன்று செய்யப் போவதில்லை. என் தையலாலா என்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை. வாங்க ஆள் கிடைக்கவில்லை என்று பிள்ளை வாசித்துக் காட்டிய பிறகே உயிர் வந்தது. அதற்குள் லாசர் நான் தைத்துக் கொடுத்த புதுப்பாயோடு வந்து நின்றார்.

"துரைக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமாலேய்? ஏறு வள்ளத்துல!"

அந்த விமானம் ஒன்றோடு நின்றது, நான்தான் புதுப்பாய் தைத்த நாளெல்லாம் நடுக்கடலில் குந்தி மிச்ச நூலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.