அறுபத்தைந்தாம் நாள் அறுப்பு

பெமிலாவின் ஜெர்சிப் பசு செத்துப்போக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சோளத்தட்டையைத் தின்றது, தள்ளாடியது, நுரை தள்ளி விழுந்தது. மாட்டு டாக்டர் ஸ்மிதா வந்தபோது தெருவே தொழுவத்தில் நின்றது.

“சோளம் எவ்வளவு உயரம் இருந்துச்சு?”

“கால்முட்டு அளவு. இளசுல அறுத்தா மாடு நல்லா தின்னும்னு நெனச்சேன்.”

“யூரியா?”

“செடி மூட்டுக்கு ஒரு பிடி. வாழைக்குப் போடுகது போல.”

ஸ்மிதா நெற்றியில் கைவைத்தாள். இரணியல் பக்கத்தில் வாழை தெரியாதவர் இல்லை. தீவனச் சோளம் போட்டவர் அபூர்வம். அள்ளிக் கொடுத்தால் வாழை குலை பெருக்கும். சோளம் அப்படியல்ல. இளந்தட்டையில் இயல்பாகவே நஞ்சு உண்டு, தழைச்சத்து மிஞ்சினால் அது இன்னும் ஏறும். யூரியாவை எடைபோட்டு இரண்டு தவணையாகப் போட வேண்டும், பாதிக் கதிர் பூத்த பிறகே, அறுபத்தைந்து நாள் ஆனபின் அறுக்க வேண்டும் என்றாள் ஸ்மிதா.

“இந்தச் சவத்துச் சோளத்தைப் பிடுங்கி எறி. வாழை வைப்போம்” என்றார் ஜெபசீலன். பெமிலாவின் கணவன் எட்சனுக்கு அண்ணன். எட்சன் குவைத்தில் இருந்தான். சோளம் நின்ற விளை, அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான நிலம், இன்னும் பங்கு பிரிக்காமல் கிடந்தது.

“தப்பு செய்தது என் கை. சோளம் என்ன செய்தது அத்தான்?”

“மிச்சம் நிக்க ஒரு மாடும் செத்தா வெளையில வாழைதான். கேட்டியா?”

“செத்தா வையுங்க.”

பெமிலா பதினோரு வருஷம் அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் கொட்டை உடைத்தவள். பேச்சைக் குறைக்கச் சொன்ன மேனேஜரிடம், “சம்பளம் கைக்குத்தானே தாறீங்க, வாய்க்கு இல்லையே” என்று சொல்லிவிட்டு வந்து மாடு வாங்கினாள். அவளிடம் ஒன்றை விடச் சொன்னால் போதும், இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

யூரியா மிஞ்சி நின்ற பயிரை உழுது அழித்துவிட்டு மறுபடி விதைத்தாள். பத்து செண்டுக்கு நாலு கிலோ யூரியா விதைப்பில், நாலு கிலோ முப்பதாம் நாள். மீன்காரி தராசைக் கடன் வாங்கி நிறுத்தாள். தெரு சிரித்தது.

நாற்பதாம் நாள் வைக்கோல் தீர்ந்தது. செவலைப் பசுவுக்கு ரோட்டோரப் புல்லும் வாழையிலையும்தான். பால் பாதியாயிற்று. விளையில் சோளம் இடுப்பளவு பச்சைப்பசேலென்று நின்றது.

“ஏட்டி, மாடு வயிறு ஒட்டிக் கெடக்கு. அறுத்துப் போட ஒனக்கே பயமாக்கும்?” என்றாள் பக்கத்து வீட்டு லீலாபாய்.

“பயந்தான் அக்கா. அறுபத்தஞ்சாம் நாள் போயிரும்.”

வேண்டாம் என்று சொன்னவர்களே இப்போது அறுக்கச் சொன்னார்கள். பெமிலா புல்லுக்கட்டுக்காக இன்னும் ஒரு மைல் கூடுதலாக நடந்தாள்.

அறுபத்தைந்தாம் நாள் காலை. கதிர்கள் பாதிக்கு மேல் பூத்திருந்தன. ஒரு கட்டு அறுத்து, கேட்டு வாங்கிய கொஞ்சம் வைக்கோலோடு நறுக்கிக் கலந்து வைத்தாள். ஜெபசீலன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

“டாக்டர வரச் சொன்னியா?”

“எதுக்கு? சாப்பாடு பரிமாறவா?”

செவலை தொட்டியைக் காலி செய்தது. கால் மணி. அரை மணி. பெமிலா செவலையின் வாயையே பார்த்தாள். தூணைப் பிடித்துக்கொண்டாளே தவிர உட்காரவில்லை. முக்கால் மணியில் செவலை முன்னங்காலை மடக்கிப் படுத்தது.

“விழுந்துட்டு!” ஜெபசீலன் எழுந்தேவிட்டார்.

பெமிலா ஓடிப்போய் அதன் தாடையைத் தொட்டாள். தாடை பக்கவாட்டில் அசைந்தது, நிதானமாக.

“அசை போடுகு. நீங்க மத்தியானம் தின்னுட்டுச் சாய்வீங்கல்லியா அத்தான், அதுபோலத்தான்.”

தெருவில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். ஜெபசீலன் ஸ்டூலை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“அப்போ... வாழை?”

“உங்க பங்குல வையுங்க. பங்கைப் பிரிக்கச் சொல்லி இன்னைக்கே எட்சன்கிட்ட பேசுகேன்.”