கராஜில் எர்ஹு

நாற்பது வயதுக்கு மேல் எர்ஹு கற்க ஆரம்பித்தேன். இரண்டே தந்திகள் உள்ள, வில்லால் வாசிக்கும் சீன வாத்தியம் அது. வீட்டில் கையில் எடுத்தாலே மகள், "அம்மா, ப்ளீஸ் ஸ்டாப்" என்பாள். அதனால் நாங்கள் இருக்கும் டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் லைப்ரரி பார்க்கிங்கில் காரை நிறுத்தி, பின்சீட்டில் உட்கார்ந்து பழகுவேன். வில் கதவில் இடிக்கும்.

ஒரு சனிக்கிழமை, இது நமக்கு வராது, விட்டுவிடலாம் என்று பெட்டியை மூடும்போது, என் வயதுள்ள ஒரு சீனப் பெண்மணி கண்ணாடியைத் தட்டினார்.

"சாரி, டிஸ்டர்ப் பண்ணிட்டேனா?" என்றேன்.

"காருக்குள்ள கையை எப்படி நீட்டுவீங்க? என் வீடு அடுத்த தெருதான். கராஜ் காலியா இருக்கு, வாங்க" என்றார் ஆங்கிலத்தில்.

இப்போது சனிக்கிழமைதோறும் அங்கேதான் வாசிக்கிறேன். அவர் பக்கத்தில் துணி மடிப்பார். நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை, எழுந்து போனதுமில்லை. தப்புத் தப்பாக வாசிக்கவும் ஒருவர் இடம் கொடுத்தாரே என்று நினைத்தால் மனசு நிறைந்துவிடுகிறது.