ஊற்றுத் தண்ணீர்

பம்மல் தோல் பட்டறையில் வேலை செய்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சக ஆட்களோடு படகேறி, பழவேற்காடு பக்கம் ஒரு தீவுக்குப் போனேன். வண்டிச் சத்தமே இல்லாத ஊர். மற்றவர்கள் சீட்டாட உட்கார்ந்தார்கள். நான் கூச்சக்காரன், தனியாக நடந்தேன். மணலில் ஒரு பள்ளத்தில் தண்ணீர் இருந்தது. மழைத் தண்ணீர் என்று நினைத்து, சேற்றுக் காலை அதில் விட்டுக் கழுவினேன்.

சற்று நேரத்தில் குடத்தோடு ஒரு பெண் வந்தார். அது ஊர்க்காரர்கள் குடிக்கிற ஊற்று என்று அப்போதுதான் தெரிந்தது.

"எந்த ஆடு பூந்து கலக்கிச்சோ! வூட்ல சொட்டுத் தண்ணி இல்ல" என்று கத்தியவர், என்னைப் பார்த்ததும் குரலைத் தணித்தார். "இன்னாண்ணா, வெயில்ல நின்னுகினு கீற? குந்து, ஊறட்டும். குடிச்சிட்டுப் போ."

கலங்கிய தண்ணீரை எல்லாம் கொட்டாங்கச்சியால் இறைத்துக் கொட்டினார். தெளிந்த தண்ணீர் ஊற அரை மணி நேரம் ஆனது. முதல் செம்பை என்னிடம்தான் நீட்டினார். நான்தான் கலக்கினேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லாமல் குடித்தேன்.

"நல்லாகீதாண்ணா?"

"நல்லாருக்கும்மா."

கூச்சத்தால்தான் உண்மையைச் சொல்லவில்லை என்று வெகுநாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். 'நல்லாருக்கு' என்று சொல்ல மட்டும் எனக்குக் கூச்சமே வரவில்லை.