காவேரிப்பாக்கம் ஏரியில் நான் அடித்த விரால்

எனக்கு எழுத்து சரியாக வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. எழுத உட்கார்ந்தால் கையும் வலிக்கிறது, சொல்ல வந்ததும் பாதியில் மறந்துபோகிறது. முதலில் நடந்ததைக் கடைசியில் சொன்னாலும் சொல்லிவிடுவேன். படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் நான். இதைப் பேசிச் சொல்லியிருந்தால் இந்த அளவுகூட வந்திருக்காது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை. ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்பார்கள். அதைத் தைக்கிற மெஷினில் நான் இருந்தேன். அந்த லைனில் வளைவுத் தையல் என்றால் என்னிடம்தான் கொடுப்பார்கள். எனக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். ஒரு நாள் தடிமனான தோலில் ஊசி ஒடிந்து, துண்டு தெறித்து இடது கண்ணில் அடித்தது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். பார்க்கிறவர்களுக்குக் கண் இருந்த மாதிரியே இருக்கும். பார்வை மட்டும் போய்விட்டது.

திரும்பி வந்தபோது என் மெஷினில் வேறு பெண் இருந்தாள். என்னை நூல் வெட்டுகிற டேபிளில் போட்டார்கள். தைத்து வருகிற அப்பரில் தொங்குகிற நூலைக் கத்தரியால் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். கண் போனதற்கு அழுததைவிட அந்த டேபிளில் உட்கார்ந்து அழுதது ஜாஸ்தி. சம்பளம் ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. மெஷின் சத்தத்துக்கு நடுவில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் தாங்கவில்லை.

எங்கள் லைனுக்கு சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, என் தங்கச்சி வீட்டுக்காரர்தான். நல்ல மனுஷர். என்னை அண்ணி, அண்ணி என்று மரியாதையாகக் கூப்பிடுவார். அவரிடம் நேராகக் கேட்க எனக்கு வாய் வராது. தங்கச்சியைக் கேட்கச் சொன்னேன். அவள் கேட்டதற்கு அவர் சொன்னதை உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒத்தக் கண்ண வச்சிக்கினு ஊசி எங்க இறங்குதுன்னு எப்படிடீ தெரியும்? டம்ளர்ல டீ ஊத்தச் சொன்னா வெளில ஊத்துது உங்க அக்கா. கை விரலு மேல ஊசி ஏறிடுச்சின்னா அப்புறம் நீதான் என்ன உண்டு இல்லன்னு பண்ணுவே."

அவர் சொன்னது பொய் இல்லை. டீயை வெளியில் ஊற்றினது உண்மைதான். கண் ஒன்று போனால் எது கிட்டே, எது எட்ட என்று தெரியாமல் போகிறது. ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டு பாயம்மாவிடம் ஒரு தையல் மெஷின். சாயங்காலத்தில் போய் அதில் பழைய துணியைத் தைத்துத் தைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் விளக்கு இருந்தால் ஊசிக்கு நிழல் விழும். ஊசி இறங்க இறங்க நிழலும் கிட்டே வரும். ஊசி முனையும் நிழல் முனையும் எங்கே தொடுகிறதோ அங்கேதான் தையல். இதைக் கண்டுபிடித்த பிறகு கோணல் இல்லாமல் தைக்க வந்துவிட்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி, அவர்கள் சிரித்துவிட்டால்?

அந்த வருஷம் பொங்கலுக்குக் கம்பெனி லீவு விட்டபோது தங்கச்சி வீட்டுக்காரர் தன் ஊருக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டின ஊர். ஏரியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. ரெண்டாயிரம் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் என்று ஞாபகம்.

அங்கே ஒருவர் இருந்தார். ராத்திரியில் விளக்கு வைத்துக்கொண்டு வில்லால் மீன் அடிப்பார். வெளியூர்க்காரர்கள் வந்தால் படகில் ஏற்றிக்கொண்டு போய் அவர்கள் கையிலும் வில்லைக் கொடுப்பார். ஊரில் அவருக்கு வில்லுக்காரர் என்றே பேர். மூங்கில் வில், மூங்கில் அம்பு. அம்பு முனையில் இரும்புக் கம்பியை அடித்துக் கூராக்கி, மீன் உருவிக்கொண்டு போகாதபடி ஒரு முள் விட்டிருப்பார். அம்பின் வாலில் நைலான் கயிறு. அந்தக் கயிறு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சுற்றியிருக்கும்.

மாப்பிள்ளை, அதாவது தங்கச்சி வீட்டுக்காரர், மதியத்திலிருந்தே ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார். "ராத்திரி கொழம்புக்கு விரால் நான் கொண்டாரேன். மசாலா மட்டும் அரைச்சி வைங்க."

தங்கச்சிதான் அவரோடு விளக்குப் பிடிக்கப் போவதாக இருந்தது. இருட்டினதும் எல்லாரும் கரைக்குப் போனோம். தட்டையான சின்னப் படகு. அவள் ஒரு கால் வைத்தாள், படகு ஆடியது, கத்திக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"நான் மாட்டேன்பா. அக்கா, நீ போயேன். நீதான் வாயே தொறக்க மாட்டே, மீனு பயப்படாது."

எல்லாரும் சிரித்தார்கள். மறுத்துப் பேசக் கூச்சப்பட்டுக்கொண்டே ஏறிவிட்டேன். பெட்ரோமாக்ஸ் லைட்டை என் கையில் கொடுத்தார்கள். நம் கண்ணில் வெளிச்சம் அடிக்காமல் ஒரு பக்கம் தகரம் வைத்து மறைத்திருந்தது.

வில்லுக்காரர் கோலை ஊன்றிக்கொண்டே சொன்னார். "சார், இங்க மூணு பேச்சுதான். எழுந்து நிக்கக் கூடாது. கத்தக் கூடாது. அடிச்சவங்கதான் கயித்த இழுக்கணும். வேற யாரு கைனா கயித்துல பட்டுச்சின்னா அந்த மீனு எனக்கு."

"அது இன்னாயா நியாயம்?"

"ரெண்டு கை பட்டுச்சின்னா, கரைக்குப் போனதும் நான் அடிச்சேன், இல்ல நான் அடிச்சேன்னு சண்ட. நெறைய பாத்துட்டேன் சார். அதான் வம்பே வேணாம்னு."

கொஞ்ச தூரம் போனதும் அல்லி இலைகள் வந்தன. வெளிச்சம் பட்ட இடத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி. அடியில் சேறு தெரிகிறது, பாசி தெரிகிறது. கெண்டைகள் வெள்ளை வெள்ளையாகத் திரும்புகின்றன. ஏரிக்குள்ளே இப்படி ஒரு ஊர் நடந்துகொண்டிருக்கிறதா என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். எனக்குப் பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மாப்பிள்ளை அடித்தார். அம்பு தண்ணீரில் போய்க் குத்தியது. மீன் போய்விட்டது. கயிற்றை இழுத்து அம்பை எடுத்து மறுபடி அடித்தார். மறுபடியும் அதே கதை.

"சார், மீனு தெரியிற எடத்துல இல்ல. அதுக்குக் கீழ இருக்குது. கொஞ்சம் கீழ அடிங்க."

"கண்ணுக்கு நேரா தெரியுதேயா!"

"தண்ணி அப்படித்தான் சார் ஏமாத்தும். அப்புறம் நடுவுல அடிங்க. ஏன் வாலு பக்கமே போறீங்க?"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "பழக்கம்யா. தோல்ல ஓட்டை ஓரத்துல இருந்தா தப்பிக்கலாம். நடுவுல விழுந்துச்சின்னா பீஸே ரிஜெக்ட்."

"நீங்க இன்னா சார், விராலுல ஷூவா தைக்கப் போறீங்க?"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. விளக்கு ஆடியது. "தங்கச்சி, வெளக்கு, வெளக்கு!" என்று வில்லுக்காரர் என்னை அதட்டினார்.

நேரம் போனது. மாப்பிள்ளைக்குத் தோள் வலி வந்துவிட்டது. ஒரு மீனும் இல்லை. வில்லை என் பக்கம் நீட்டினார்.

"இந்தாங்க அண்ணி, நீங்க அடிங்க. ரெண்டு கண்ணு வச்சிக்கினு நான் கிழிச்சது போதும்."

விளையாட்டாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே சுருக்கென்றிருக்க வேண்டும், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். வேறு நாளாக இருந்தால் "எனக்கு வேணாம்" என்று நான் தலையைக் குனிந்திருப்பேன். அன்றைக்கு என்ன வந்ததோ, விளக்கை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு வில்லை வாங்கிக்கொண்டேன்.

முதல் அம்பு தப்பியது. கீழேதான் அடித்தேன், ஆனால் எவ்வளவு கீழே என்று தெரியவில்லை. டம்ளரில் டீ ஊற்றின கதைதான். அம்பை இழுத்து எடுத்துக்கொண்டு சும்மா பார்த்தபடி உட்கார்ந்தேன். மாப்பிள்ளை விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருந்தார். அல்லி இலைக்குக் கீழே கறுப்பாக ஒன்று அசைந்தது.

"விராலு. பெருசு," என்று வில்லுக்காரர் மூச்சுக்குள் சொன்னார்.

அப்போதுதான் அதன் நிழலைப் பார்த்தேன். சேற்றில் மீனோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. மீனும் நிழலும் ஒட்டியிருந்தால் மீன் அடியில் கிடக்கிறது. அடியில் கிடக்கிறதை அடித்தால் தண்ணீர் ஏமாற்றிவிடும். நிழல் விலகட்டும் என்று நாணை இழுக்காமல் இருந்தேன்.

"அடிங்க அண்ணி, போய்டப் போகுது!"

"சும்மா இருங்க சார்," என்றார் வில்லுக்காரர்.

விரால் மூச்சு வாங்க மேலே வரும் என்று சின்ன வயதில் குளத்தில் பார்த்திருக்கிறேன். வந்தது. மெதுவாக, இலை ஓரமாக. நிழல் அதை விட்டுப் பிரிந்து அந்தப் பக்கம் தள்ளித் தள்ளிப் போனது. நிழல் எவ்வளவு தள்ளிப் போகிறதோ மீன் அவ்வளவு எனக்குக் கிட்டே. வாய் தண்ணீரைத் தொடுகிற நேரம், நாணை இழுத்து விட்டேன்.

தண்ணீர் வெடித்தது. டப்பாவிலிருந்து கயிறு சர்ரென்று ஓடியது. கயிற்றைப் பிடித்தேன், உள்ளங்கையை அறுத்தது. படகு ஆடியது. மீனுக்கு அத்தனை பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை விளக்கை வைத்துவிட்டுக் கயிற்றுக்குக் கை நீட்டினார்.

"கைய எடுங்க மாப்ள! என் மீனு! நானே இழுக்கிறேன்!"

என் குரல்தான் அது. ஏரி முழுக்கக் கேட்டது. கரையிலிருந்து தங்கச்சி, "யாரு அங்க கத்துறது? இன்னா ஆச்சி?" என்று கூப்பிட்டாள். வில்லுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க அக்காதாம்மா! மீனு மாட்டிக்கிச்சி! மீன இல்ல, சார அதட்டுது!"

கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றி, விட்டு, மறுபடி சுற்றி, முட்டியைப் படகு ஓரத்தில் முட்டுக்கொடுத்து இழுத்தேன். புடவை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் அது படகுக்குள் வந்து விழுந்து துள்ளியது. என் முழங்கையிலிருந்து விரல் நுனியைத் தாண்டி இருந்தது. அம்பு தலைக்குப் பின்னால், நடு முதுகில்.

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். "நடுவுல ஓட்டை. ரிஜெக்ட் பீஸு அண்ணி," என்றார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

மீன் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. கை எரிந்தது. வாய் திறந்தது திறந்தபடி இருந்ததால், மூடிக்கொள்வதற்கு முன்னால் கேட்டுவிட்டேன்.

"மாப்ள, எனக்கு என் மெஷின் வேணும்."

அவர் சிரிப்பு நின்றது. "அண்ணி, அது வேற, இது வேற."

"வேற இல்ல. ரெண்டும் ஒண்ணுதான்." ஊசியின் நிழலையும் விராலின் நிழலையும் சொன்னேன். பாயம்மா வீட்டு மெஷினைச் சொன்னேன். அவ்வளவு பேச்சு நான் என் கல்யாணத்தில்கூடப் பேசினதில்லை. வில்லுக்காரர் கோலை ஊன்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

மாப்பிள்ளை விளக்கைக் கையில் எடுத்து, தண்ணீர் மேல் ஒரு விரலை நீட்டி, நிழல் எங்கே விழுகிறது என்று தானே பார்த்தார். விரலை இறக்கினார், ஏற்றினார்.

"லீவு முடிஞ்சி வாங்க. துண்டுத் தோல்ல ஓட்டிக் காட்டுங்க. கோணலாச்சின்னா நானும் பேச மாட்டேன், நீங்களும் பேசக் கூடாது. இன்னா?"

"சரி."

கரையில் இறங்கினதும் வில்லுக்காரர் மீனை என் கையில் தூக்கிக் கொடுத்து, "நான் தூக்கியாந்தா நான் அடிச்சதுன்னு பேராயிடும். நீயே தூக்கினு போ தங்கச்சி," என்றார். தெரு முழுக்க நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். வாசலில் நின்றவர்கள் எல்லாரும் மாப்பிள்ளையைத்தான் விசாரித்தார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் "நான் இல்ல, அண்ணி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் குழம்பின் ருசி பற்றி நான் எழுதப் போவதில்லை. நடுத்துண்டு எனக்குத்தான் வைத்தார்கள்.

லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்றைக்கு மெஷினில் உட்கார்ந்தேன். விளக்கைப் பக்கத்துக்குத் திருப்பி வைத்தேன். லைன் முழுக்க வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. எனக்கு அதே பழைய கூச்சம், காதெல்லாம் சூடு. ஆனால் கால் பெடலைத் தொட்டதும் சரியாகிவிட்டது. வளைவு எடுத்தேன், அடுத்த வளைவு எடுத்தேன், முடித்து மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். விரலால் தையலைத் தடவினார். திரும்பி, ஹெல்பர் பெண்ணிடம், "அண்ணிக்கு ஒரு பண்டல் போடும்மா. வளைவு பீஸா பாத்துப் போடு," என்றார்.

வேலையை விட்டு நிற்கிற வரைக்கும் அந்த மெஷினில்தான் இருந்தேன்.

இதில் சிலது சரியாக இருக்காது. மாப்பிள்ளை எத்தனை முறை தப்பவிட்டார் என்பதை நான் எழுதவில்லை, அவர் கம்மியாகத்தான் சொல்வார். விரால் நான் சொன்ன அளவு பெரிது இல்லை என்கிறாள் தங்கச்சி. அவள் கரையில் இருந்தாள், இருட்டில் என்ன தெரிந்திருக்கும்? அது எந்த வருஷப் பொங்கல், அந்த வில் மூங்கில்தானா வேறு மரமா, இதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. காவேரிப்பாக்கம் பக்கம் ஆள் தெரிந்தவர்கள் யாராவது விசாரித்து, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். மீனை அடித்தது யார் என்பதை மட்டும் திருத்த வேண்டாம்.