நாடகத்தில் அழுத பொண்ணு

எங்கள் அண்ணன் முதன்முதலில் மேடை ஏறியது அக்காவின் தாவணியைக் கட்டிக்கொண்டுதான். தாராவியில் பெற்ற பெண்ணை நாடகத்துக்கு அனுப்ப எந்த வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் பள்ளிக்கூட நாடகத்தில் அம்மா, மகள், மருமகள் எல்லாம் பையன்களே. அந்த வருஷம் புகுந்த வீட்டுக்குப் புறப்படும் தங்கச்சி வேஷம் அண்ணனுக்கு வந்தது.

பயலுக்கு அழத்தான் வரவில்லை. மூக்கை உறிஞ்சினான், கண்ணைக் கசக்கினான், கடைசியில் சிரித்துத் தொலைத்தான். அரிசி களைந்துகொண்டிருந்த அக்கா பொறுக்க மாட்டாமல் எழுந்து வந்தாள்.

"மூஞ்சிய மூடாதல. அழுதுரக் கூடாதுன்னு நினைச்சுக்கோ. அழுகை தானா வரும்."

தாவணி முனையை விரலில் சுற்றினாள். கூரையைப் பார்த்தாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் பயந்துபோய் அவள் காலைக் கட்டிக்கொண்டேன். அவளோ சிரித்துக்கொண்டே திரும்ப அரிசி களையப் போய்விட்டாள். அண்ணன் பிற்பாடு மேடையில் ராஜாவாக நின்றபோதும், அழுகிற கட்டம் வந்தால் அங்கவஸ்திரத்தின் முனையை விரலில் சுற்றுவான்.

பள்ளி நாடகத்தில் ஜனம் விம்மியது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. இனி நாடகம்தான் என்றான். தோல் கிடங்கில் மேஸ்திரியாக இருந்த அப்பா, பரீட்சை முடிந்ததும் கிடங்குக்கு வராவிட்டால் காலை ஒடித்துவிடுவதாகச் சொன்னார். அண்ணன் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாட்டுங்காவில் நாடகம் போட மெட்ராசிலிருந்து ஒரு கம்பெனி வந்திறங்கியது. வந்த இடத்தில் அவர்களுடைய நடிகைக்குக் காய்ச்சல். பள்ளி நாடகத்தைப் பார்த்த யாரோ வழி சொல்ல, மேனேஜர் எங்கள் வீட்டையே தேடி வந்துவிட்டார்.

"பள்ளிக்கூட நாடகத்துல அழுதாளாமே, அந்தப் பொண்ணை எங்க கம்பெனிக்கு அனுப்புங்க. மெட்ராசுக்கே கூட்டிட்டுப் போறோம்."

அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார். குழாயடியிலிருந்து வந்த அக்கா காதிலும் அது விழுந்தது. குடத்தை இறக்கிவைத்து, தாவணியைச் சரிசெய்துகொண்டு, வாசலில் வந்து நின்றாள். அவள் அவ்வளவு அழகு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பாவுக்குச் சட்டென்று விஷயம் பிடிபட்டது. போன உயிர் திரும்பியவராகச் சிரித்தார்.

"அது பொண்ணு இல்ல சார், எம் மவன்!"

மேனேஜர் நம்பவில்லை. அண்ணன் துண்டின் முனையை விரலில் சுற்றிக் கூரையைப் பார்த்ததும் அவருக்கே கண் கலங்கிவிட்டது. கேட்டது மகளை இல்லை என்ற நிம்மதியில், காலை ஒடிக்கிறேன் என்ற அப்பா உடனே தலையாட்டிவிட்டார். அக்காவைக் காப்பி போடச் சொன்னார். அவளும் உள்ளே போய்ப் போட்டுக் கொண்டுவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பகலாட்டத்துக்கு எல்லோரும் மாட்டுங்கா போனோம். வீட்டில் நெட்டுருப்போட்ட வசனங்களை அண்ணன் பேசப் பேச, பக்கத்தில் அக்காவின் உதடும் ஓசையில்லாமல் அசைந்தது. அவன் அழுதபோது அரங்கமே அழுதது, அப்பாகூடத் துண்டால் முகத்தைத் துடைத்தார். அக்கா மட்டும் அழவில்லை. தலையைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மாவிடம் கோள் சொன்னேன். அண்ணன் அவ்வளவு நன்றாக நடித்தான், இந்த அக்காவுக்குக் கொஞ்சம்கூடச் சந்தோஷமே இல்லை என்றேன்.

அம்மா பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரைக்கும் விடவே இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.