கீறல் விழுந்த கை

தோல் கிளினிக்கில் என் மகனின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். விட்டால் இரத்தம் வரும்வரை சொறிவான். பக்கத்தில் பனிச்சங்கேணியிலிருந்து வந்த மீனவர் ஒருவர். அவர் மடியிலிருந்த சிறுமிக்கும் அதே அரிக்கும் கரப்பன்தான். ஆனால் அவள் கைகளை அவர் பிடிக்கவில்லை. முழுக்கைச் சட்டையின் ஒரு கையை மட்டும் மடித்திருந்தார். முழங்கைவரை நகக்கீறல்கள்.

"உங்களுக்கும் கடிக்குதா?" நர்ஸ் சந்தேகத்தோடு கேட்டார்.

"இல்ல மிஸ்ஸி. புள்ளைக்குக் கடிக்கக்குள்ள என்ட கையச் சொறியச் சொல்லுவன்."

"இதோட உப்புத் தண்ணிக்குள்ள இறங்கினா எரியாதா?"

"எரியும்தான். புள்ளைட தோல் கிழியாதே."

நர்ஸ் அந்தக் கைக்கு மருந்து பூசினார். சிறுமி மறுபடி நெளியத் தொடங்கினாள். அவர் அவசரமாக மற்றச் சட்டைக்கையை மடித்தார். கீறல் விழாத இடம் அந்தக் கையிலும் இல்லை.